உடையாத முட்டைகள்

பெட்டி வந்த பிறகு அந்த வீட்டில் முட்டை சாப்பிடுவது நின்றுபோயிற்று.

முட்டை விற்கிற வீடுதான். ஆனால் விற்கிற முட்டையில் அவர்கள் கை வைப்பதில்லை. உடைந்தது மட்டும்தான் வீட்டுக்கு. வழியில் குலுங்கி ஒன்றிரண்டு, கடைக்குக் கடை நிறுத்தும்போது சில என்று எப்படியும் ஒரு கிண்ணம் தேறிவிடும். முட்டைக்காரர் அந்தக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைப்பார். அவர் மனைவி ஓட்டுச் சில்லுகளை விரல் நுனியால் பொறுக்கி எடுத்துவிட்டு, வெங்காயம் நறுக்கிப் போட்டு, அடித்துக் கல்லில் ஊற்றுவாள். எங்கள் தெருவில் சாயங்காலம் முட்டை பொரிகிற வாசனை வந்தால் முட்டைக்காரரின் கார் திரும்பிவிட்டது என்று எட்டிப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

இப்போது கார் வருகிறது. வாசனை வருவதில்லை.

"முட்டைக்காரர் வீடுன்னு பேரு. வாரம் முழுக்க உருளைக்கிழங்கு" என்றாள் மகள். வாய் ஓயாது என்பதால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"உடையலைன்னா சந்தோஷப்படு" என்றாள் அம்மா.

"சந்தோஷமாத்தான் இருக்கு. வயித்துக்கு அது புரிய மாட்டேங்குது."

அவள் கையில் அப்பாவின் போன். வண்டி ஓடி நின்றதும் அதில் ஒரு எண் வரும். நூறுக்கு எவ்வளவு என்று. அதைப் படித்துச் சொல்வது ரேடியோவின் வேலை. தன்னுடைய பரீட்சை மார்க்கைக்கூட அவள் அப்படிக் கூவியதில்லை.

பெட்டி இருப்பது காருக்குள். ஸ்டீயரிங்குக்குக் கீழே, சோப்புக்கட்டி அளவில், கறுப்பாக. இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனது. எவ்வளவு வேகம், வளைவில் எப்படித் திரும்பினார், எத்தனை தடவை பிரேக்கைச் சட்டென்று மிதித்தார் எல்லாவற்றையும் அது கம்பெனிக்குச் சொல்லிவிடும். சட்டென்று மிதித்தால் ஒரு சின்ன சத்தம் போடும். கீச். வாலை மிதித்த எலி மாதிரி. அந்தச் சத்தம் வந்த நாளில் மார்க் குறையும். முட்டைக்காரர் வீட்டுக்குள் நுழையும்போதே முகத்தில் ஈயாடாது.

முட்டைக்காரருக்கு வெளியே இன்னொரு பெயர் உண்டு. காத்து. அதற்குக் காரணம் இருக்கிறது.

சரக்கோடு அவர் கார் ஓட்டுவதைப் பார்த்தால் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது போல இருக்கும். பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பழைய கம்பளியை விரித்திருப்பார். அதன்மேல் முட்டை அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சைக்கிள் டியூபை வெட்டிச் செய்த வாரால் இழுத்துக் கட்டியிருப்பார். பள்ளம் வருவது கண்ணுக்குத் தெரியும் முன்னே இடுப்புக்குத் தெரிந்துவிடும் அவருக்கு. ஆனால் கடைசிக் கடையில் கடைசி அட்டையை இறக்கினாரோ இல்லையோ, ஆளே மாறிவிடுவார். காலி அட்டைகள் பின்னால் தடதடக்க, கண்ணாடியை இறக்கிவிட்டுப் பறப்பார். இதுவரை அவர் செய்த இரண்டு விபத்தும் காலி வண்டியில்தான் நடந்தன. ஒன்று, சிக்னலில் நின்றிருந்த வேனின் முதுகில். இன்னொன்று, மருந்துக்கடைப் படிக்கட்டில். யாருக்கும் அடியில்லை. நடுவில் வேகமாகப் போனதற்காக அபராதங்கள். இரண்டு தடவையும் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்தது. கொடுத்ததை அது மறக்கவும் இல்லை.

பாலிசியைப் புதுப்பிக்கிற நேரம் வந்தபோது, கம்பெனி கேட்ட தொகையைச் சொல்ல மனைவியின் தம்பி நேரிலேயே வந்தான். அந்தக் கம்பெனியின் ஏஜெண்ட் அவன்தான். தெருவில் எல்லோருக்கும் அவன் பாலிசி.

"மாமா, கம்பெனில உங்கள என்னன்னு எழுதி வச்சிருக்காங்க தெரியுமா? ஆபத்தான ஓட்டுநர்."

"நானா? இந்த ரோட்டுல முட்டைய ஏத்திக்கிட்டு என்ன மாதிரி ஒருத்தன் ஓட்டட்டும் பாக்கலாம்."

"முட்டைக்கு ஆபத்துன்னு எழுதல மாமா. மனுஷனுக்கு."

"சரி, எவ்வளவு?"

பாலிசி சொன்னான். முட்டைக்காரர் காதைக் குடைந்துகொண்டு மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் அதே தொகைதான்.

"அதுக்கு வண்டியையே அவங்களுக்குக் குடுத்துட்டு நான் கூடையில வச்சு வித்துக்கறேன்."

"இடிச்சா முதல் செலவு கொஞ்சம் நாமளே பாத்துக்கறோம்னு ஒத்துக்கிட்டீங்கன்னா தொகை குறையும். ரொம்பல்லாம் குறையாது."

"உங்க அக்கா பேர்ல போடேன். அவ லைசென்ஸ்ல ஒரு கறை கிடையாது. வாங்கின நாள்லேர்ந்து பீரோலதான் தூங்குது."

"அது மட்டும் வேணாம். அக்கா ஓட்டுறதா எழுதிட்டு நீங்க ஓட்டி எங்கயாவது மோதினீங்கன்னா, கம்பெனி கைய விரிச்சிடும். பொய் சொன்னதுக்குக் கேஸ் வேற வரும்."

"நீ எனக்கு மச்சானா, கம்பெனிக்கு மச்சானா?"

"சம்பளம் அங்க. சாப்பாடு இங்க. ரெண்டு பக்கமும் விசுவாசமா இருக்கேன்."

அக்கா சிரிக்கவில்லை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "வேற வழியே இல்லையா?"

"சட்டத்துக்கு வேண்டியத மட்டும் போடலாம்க்கா. அது கொஞ்சம் மலிவு. நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு அடிபட்டாலோ, அடுத்தவங்க பொருள் உடைஞ்சாலோ கம்பெனி குடுக்கும். நம்ம வண்டிக்கு ஒரு ஆணிகூடக் கிடையாது."

"கட்டுறது நாம, வாங்கிக்கறது அடுத்தவங்களா? நல்ல கதையா இருக்கே! இவர் போற போக்குக்கு நம்ம வண்டிதான் மொதல்ல நசுங்கும். அப்புறம் எதுல முட்டை ஏத்துறது? தலையிலயா?"

"அப்ப பெட்டிதான்" என்றான் பாலிசி. "ஆபத்தான ஓட்டுநருக்குன்னே வச்சிருக்காங்க. பெட்டிய மாட்டிக்கிட்டு ஆறு மாசம் ஒழுங்கா ஓட்டிக் காட்டணும். கடைசியில மார்க் எண்பதுக்கு மேல இருந்தா முழு பாலிசி, நம்ம வண்டிக்கும் சேத்து, நாம கட்டுற மாதிரி தொகையில. எண்பதுக்குக் கீழ போச்சுன்னா முழு பாலிசிய மறந்துடுங்க. வேற கம்பெனியும் வாசல்ல நிறுத்தித்தான் பேசும்."

"இந்த வயசுல எனக்குப் பரீட்சையா?" என்றார் முட்டைக்காரர்.

"பாஸ் பண்ணிடலாம்ப்பா" என்றாள் ரேடியோ. "உங்களுக்கு நான் டியூஷன் எடுக்கறேன்."

முதல் மாதம் கீச் கீச்சென்று போயிற்று. எல்லாம் திரும்பி வரும்போதுதான். முட்டைக்காரர் மனைவி யோசித்துப் பார்த்தாள். அதுவரை வீட்டிலிருந்தே முட்டை பிரித்துக்கொண்டிருந்தவள். இரண்டு முட்டையை எடுத்து லேசாக ஒன்றோடொன்று தட்டுவாள். நல்லதென்றால் கூழாங்கல் சத்தம் வரும். விரிசல் இருந்தால் மட்டமான ஒரு சத்தம். மறுநாள் அந்த வேலையை விடியலிலேயே முடித்துவிட்டு, மத்தியானம் கடைத்தெருவுக்கு நடந்து போய்க் கடைசிக் கடை வாசலில் காத்திருந்தாள். அவர் இறக்கப்போன கடைசி அட்டையைக் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"கடைக்காரர் காத்துட்டிருக்கார். குடு."

"நாளைக்குக் குடுத்துக்கலாம். காலி வண்டின்னாதானே உங்களுக்குக் கால் அரிக்குது? இனிமே இந்த வண்டி காலியா வராது."

அன்றிலிருந்து மார்க் ஏறத் தொடங்கியது. எழுபது, எழுபத்தைந்து, எண்பதைத் தொட்டது, தாண்டியது. முட்டைக்காரர் பெட்டியின் மனசைப் படித்துவிட்டார். தூரத்தில் ஆள் தெரியும்போதே காலைத் தூக்கிவிடுவார். வண்டி தானாக உருண்டு, வேகம் குறைந்து, ஆள் கடந்து போகிற நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேரும். பிரேக்குக்கு வேலையே இல்லை. "இன்னிக்குக் கடைத்தெரு முழுக்க பிரேக்கத் தொடாம வந்தேன்" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டார். காத்து என்று கூப்பிட்டவர்கள் "என்ன, காத்து இப்போ ஃபேன் காத்தாயிடுச்சே" என்றார்கள். அதுவும் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மனைவி மடியில் அட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவளும் பழகிவிட்டாள். வண்டி லேசாகக் குலுங்கினால் இரண்டு கையும் தானாகப் போய் அட்டையை அணைத்துக்கொள்ளும்.

ஆறாவது மாதம் முடிகிற வாரம், வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்குள் மார்க் விழாமல் இருந்தால் முழு பாலிசி. வீட்டில் எல்லோரும் கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது போல நடந்துகொண்டிருந்தார்கள். ரேடியோகூடச் சத்தத்தைக் குறைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே தூறல். நசநசவென்று, நிற்கவும் இல்லாமல் வலுக்கவும் இல்லாமல். சரக்கை இறக்கிவிட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியின் பின்வாசலை ஒட்டி ஒரு வளைவு. வேலை முடிந்து போகிறவர்கள் அந்த வழியாகத்தான் வெளியே வருவார்கள். பச்சை உடுப்பு போட்ட துப்புரவுப் பணியாளர் ஒருத்தி சைக்கிளில் வெளியே வந்தாள். ஹாண்டிலில் ஒரு பை தொங்கியது. மழைக்குத் தலையைக் குனிந்துகொண்டு, பார்க்காமல் சாலைக்குள் வந்துவிட்டாள்.

முட்டைக்காரர் பார்த்தார். காலைத் தூக்கினார். வண்டி உருண்டது.

உருண்டுகொண்டே போனது.

மனைவி அந்தக் காலைப் பார்த்தாள். ஏன் காலைப் பார்த்தாள் என்று அவளால் பிறகும் சொல்ல முடியவில்லை. பிரேக்குக்கு மேலே, தொடாமல், ஈரச் செருப்போடு அந்தரத்தில் நின்றது கால். சுடுகிற பாத்திரத்தைத் தொடலாமா வேண்டாமா என்று தயங்குகிற கை போல.

டக்கென்று ஒரு சத்தம். பக்கக் கண்ணாடி சைக்கிளின் ஹாண்டிலைத் தட்டியது. பின்சக்கரம் காரோடு உரசியது. பச்சை உடுப்பு சாலையோரத்தில் சரிந்தது. அதற்கப்புறம்தான் வண்டி நின்றது. மெதுவாக, அழகாக நின்றது.

பெட்டி ஒரு சத்தமும் போடவில்லை.

இருவரும் இறங்கி ஓடினார்கள். விழுந்தவள் எழுந்து உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் வழன்று, சின்னச் சின்னக் கற்கள் ஒட்டியிருந்தன.

"அம்மா, பாத்தேம்மா, பாத்துட்டேன்..." என்றார் முட்டைக்காரர்.

"பாத்தியா? பாத்துட்டா இடிச்ச? பிரேக்குன்னு ஒண்ணு வச்சிருக்காங்கல்ல வண்டியில? அது எதுக்கு, ஊறுகாய் போடவா?"

"தப்புதாம்மா. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க."

"அங்கேர்ந்துதான்யா வரேன். காலைலேர்ந்து அத்தனை தரையும் தேச்சுட்டு வரேன். மறுபடி அதே தரையில நோயாளியா போய்ப் படுக்கச் சொல்றியா?"

மனைவி தண்ணீர் பாட்டிலைத் திறந்து அந்தக் கையைக் கழுவிவிட்டாள். எரிச்சலில் சைக்கிள்காரி பல்லைக் கடித்தாள். எலும்புக்கு ஒன்றும் இல்லை. விரல்களை மடக்கிக் காட்டினாள். கழுவி முடித்ததும் நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தாள்.

"நீ பக்கத்துலதானே உக்காந்திருந்த? நீயாவது கத்தியிருக்கலாம்ல?"

மனைவி பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள்.

முட்டைக்காரர் சைக்கிளை வழியிலிருந்த கடைக்குக் கொண்டுபோய் மட்கார்டை நிமிர்த்திக் கொடுத்தார். அவள் ஏறி உட்கார்ந்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "வீட்டுல பிள்ளைங்க இருக்குல்ல? பாத்து ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள். திட்டியபோது தாங்கிக்கொண்டவருக்கு அதைத் தாங்க முடியவில்லை.

வாசலில் ரேடியோ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா! தொண்ணூத்தாறு! இதுவரைக்கும் வந்ததுலயே இதுதான் டாப்! 'மிக மென்மையான பயணம்'னு போட்டிருக்கு, பூ எல்லாம் போட்டு!"

அம்மா அட்டையை அடுப்பு மேடையில் வைத்தாள். முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்தாள். கூழாங்கல். கூழாங்கல். அந்த அட்டை முழுக்க ஒன்றுகூட மட்டமாக ஒலிக்கவில்லை. ஒரு மனுஷி தரையில் விழுந்திருக்கிறாள். ஒரு முட்டைகூட விழவில்லை.

பாலிசி வந்தபோது ரேடியோவே எல்லாவற்றையும் ஒலிபரப்பினாள், நடந்தது தவிர. அது அவளுக்குத் தெரியாது. "மாமா, கலக்கிட்டீங்க. நம்ம ஆபீஸ்ல உங்க மார்க்கக் காட்டித்தான் இப்ப மத்தவங்களுக்குச் சொல்றோம்" என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். மாமாவின் கை குளிர்ந்திருந்தது.

மகளைப் படிக்க அனுப்பிவிட்டு அக்கா நடந்ததைச் சொன்னாள். பாலிசி கதவைப் பார்த்தான், குரலைத் தாழ்த்தினான்.

"அந்தம்மா புகார் குடுத்தாங்களா?"

"இல்ல."

"வண்டி நம்பர் வாங்கினாங்களா?"

"இல்ல. அவ வழியில அவ போயிட்டா."

"முறையா பாத்தா சின்ன உரசலா இருந்தாலும் கம்பெனிக்குச் சொல்லணும். சொன்னா மூணாவது விபத்துன்னு விழும். அப்புறம் தொண்ணூத்தாறும் வேலைக்காகாது." அவன் தலையைச் சொறிந்தான். "பெட்டியே ஒண்ணும் சொல்லலையேக்கா. வெள்ளிக்கிழமை வரைக்கும் நாமளும் சொல்ல வேணாமே."

"பெட்டிக்குத் தெரியல. எனக்குத் தெரியுதே."

"நடந்து முடிஞ்சத விடுக்கா. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"நான் நடந்து முடிஞ்சதச் சொல்லல" என்றாள் அக்கா. "நீ போயிட்டு நாளைக்கு வா."

அவன் போன பிறகும் முட்டைக்காரர் நாற்காலியை விட்டு எழவில்லை. அவள் உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"உங்க கால் எங்க இருந்துச்சு?"

"எந்தக் கால்?"

"ரெண்டு கால்தானே இருக்கு? பிரேக்க மிதிக்கிற கால்."

"நேரம் எங்க இருந்துச்சு? அந்தம்மா திடுதிப்புனு வந்துட்டா."

"நேரம் இருந்துச்சு. நான் பாத்தேன். மிதிக்காம வச்சுட்டிருந்தீங்க."

"சும்மா ஏதாவது பேசாத. யாராவது வேணும்னு..."

"வேணும்னு செஞ்சீங்கன்னு நான் சொன்னேனா?"

வெளியே தூறல் தகரத்தில் பொரிந்தது. முட்டைக்காரர் யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

"கீச்சுனு சத்தம் வந்துடும்னு தோணுச்சு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒண்ணும் தோணல. அந்தப் பச்சை சட்டை கண்ணுல பட்டதுக்கு அப்புறம்கூட அந்தச் சத்தம்தான் காதுல இருந்துச்சு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்கும்" என்றாள்.

"உனக்கென்ன?"

"நீயாவது கத்தியிருக்கலாமேன்னு கேட்டா இல்ல. நான் ஏன் கத்தல தெரியுமா? ரெண்டு கையாலயும் அட்டையக் கட்டிப் பிடிச்சுட்டிருந்தேன். வாய் தொறக்கல. முட்டை விழுந்துடக் கூடாதுன்னுதான் இருந்துச்சு. ஒரு பொம்பள விழறா, கண்ணெதிர விழறா, நான் முட்டைய..." உருளைக்கிழங்கை எடுத்தாள். ஏற்கனவே சீவியதையே மறுபடி சீவினாள்.

மறுநாள் கடைத்தெருவுக்கு வார விடுமுறை. சந்தைக்குப் பின்னால் லாரி நிறுத்துகிற பெரிய மைதானம் காலியாகக் கிடந்தது. சிமெண்ட் தரையில் அங்கங்கே மழைநீர் தேங்கியிருந்தது. அவள்தான் அங்கே போகச் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை. காரின் பின்னால் காலி அட்டைகளும், ஓரமாக மறுநாளுக்கான கொஞ்சம் சரக்கும் இருந்தன.

மைதானத்தின் நடுவில் ஒரு மரப்பெட்டியைப் போட்டு, அதன்மேல் காலி அட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கினாள். பிறகு தோளிலிருந்த சால்வையை எடுத்து அதன்மேல் போர்த்தினாள்.

"என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு இது?" என்றார் அவர்.

"அந்தக் கடைசிலேர்ந்து வாங்க. எப்பவும் வர்ற வேகத்துல. கிட்ட வந்ததும் பிரேக் போடுங்க."

"கீச்சுனு அடிக்கும்."

"அடிக்கட்டும்."

"வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு நாள்தான் இருக்கு. பைத்தியமா உனக்கு? ஆறு மாசமா உயிரைக் கையில பிடிச்சிட்டு ஓட்டியிருக்கேன்."

"தெரியும். நானும்தானே பக்கத்துல இருந்தேன்."

அவர் அடுக்கைப் பார்த்தார். பார்வையை விலக்கிக்கொண்டார். "அந்தச் சால்வையவாவது எடு. தூரத்துலேர்ந்து பாத்தா நீ நிக்கிற மாதிரி இருக்கு."

"அதுக்குத்தான் போட்டேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போய் வண்டியைத் திருப்பினார். அவள் சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றாள். கார் வந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, எப்போதும் வருகிற வேகத்தில் வந்தது. பாதி தூரத்தில் சத்தம் குறைந்தது. காலைத் தூக்கிவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. இப்போது மிதிப்பார். இப்போது.

அட்டைகள் பறந்தன. மரப்பெட்டி முன்பக்கத்தில் மோதி நசுங்கியது. சால்வை முன்கண்ணாடியில் அப்பிக்கொண்டு, வழுக்கிக் கீழே விழுந்தது. கார் அதையும் தாண்டிப் போய்த்தான் நின்றது.

அவள் அசையவில்லை. திட்டம் போட்டது அவள்தான். ஆனாலும் இப்படி ஆகும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. சரியாக மிதிப்பார், கீச்சென்று அடிக்கும், இரண்டு பேரும் பயம் தெளிந்து வீட்டுக்குப் போகலாம் என்றுதான் வந்திருந்தாள்.

அவர் இறங்கவே இல்லை. அவள் கிட்டே போனபோது இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, கீழே தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளையைப் பார்ப்பது போல.

"நான் மிதிச்சேன்" என்றார்.

"இல்ல."

"மிதிக்கணும்னுதான் நெனச்சேன். சத்தியமா நெனச்சேன். போக மாட்டேங்குது. சால்வை நீன்னு தெரிஞ்சும் போக மாட்டேங்குது." ஸ்டீயரிங்கை விடாமல் நிமிர்ந்தார். "நேத்து அந்தம்மா இன்னும் ஒரு அடி இந்தப் பக்கம் வந்திருந்தா..."

அவள் நனைந்த சால்வையை எடுத்துப் பிழிந்தாள். அட்டைகளைப் பொறுக்கி மறுபடி அடுக்கத் தொடங்கினாள். அவர் இறங்கி வந்து கூடவே அடுக்கினார். இரண்டாவது தடவை மிதித்தார். ஆனால் மெதுவாக, கெஞ்சுவது போல. வண்டி அடுக்கை இடித்துத் தள்ளிவிட்டு நின்றது. மூன்றாவது தடவை கொஞ்சம் முன்னால். அப்புறம் அவரே வண்டியை நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"அந்த முட்டைங்கள எடுத்து வாரை அவுத்துட்டு முன்னாடி வை. சீட்டு மேல. கட்டாம."

"அது நாளைக்குக் கடைக்குப் போற சரக்கு."

"முட்டை இருக்கும்போதுதானே கால் மடங்குது. அது இருக்கும்போதே மிதிக்கக் கத்துக்கணும்."

இப்போது தயங்கியது அவள். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். விடியலிலேயே எழுந்து பொறுக்கி, துடைத்து, தட்டிப் பார்த்து அடுக்கியவை. கை அதை விட மாட்டேன் என்றது. பிறகு சீட்டின்மேல் வைத்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அட்டை.

அவர் போனார், திரும்பினார், வந்தார். இந்தத் தடவையும் அவள் சுவர் ஓரமாகத்தான் நின்றாள். ஆனால் அவர், சால்வை போர்த்திய அடுக்கில் அவளே நிற்பது போல, அதையே பார்த்துக்கொண்டு வந்தார். பாதியில் கால் தூக்கிய சத்தம். அடுத்த நொடி, டயர்கள் ஈரத்தரையில் அலறின. வண்டியின் மூக்கு தரையை முட்டுகிறது போலக் குனிந்தது.

கீச்.

கார் அடுக்குக்குச் சரியாக ஓரடி முன்னால் நின்றது. சால்வையின் நுனி காற்றில் ஆடி முன்பக்கத்தைத் தொட்டது. உள்ளே மூன்று அட்டையும் பறந்து போய் முன்கண்ணாடிக்குக் கீழே மோதிக் கவிழ்ந்தன. மஞ்சள் வழிந்து, ஸ்டீயரிங்கைத் தாண்டி, பெட்டியின்மேல் சொட்டியது.

"இன்னொரு தடவை" என்றார் அவர், மேலே ஒட்டிய முட்டை ஓடுகளை உதறிக்கொண்டே.

கீச்.

"இன்னொரு தடவை."

கீச். கீச்.

அவளுடைய போன் அடித்தது. ரேடியோ.

"அம்மா! என்னம்மா ஆச்சு? அப்பா போன்ல எண்பது வந்துடுச்சு! இல்ல, இப்ப எழுபத்தி நாலு! 'அபாயகரமான பயணம்'னு சிவப்பா வருது! யாரு மேலயாவது இடிச்சுட்டாரா? அம்மா, ஏதாவது சொல்லு!"

மைதானத்தின் கோடியில் கார் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே அவர் தலைமுடியில்கூட முட்டை ஒட்டியிருந்தது.

"யாரு மேலயும் இடிக்கல" என்றாள் அம்மா. "போனை வை. வெங்காயம் நறுக்கி வை."

அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் அந்த வாசனை திரும்பி வந்தது. ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. பாலிசி பையோடு வாசலில் வந்து நின்றபோது, கதவைத் திறந்ததுமே முகத்தில் அடித்தது அதுதான். உள்ளே எட்டிப் பார்த்தான். முட்டைக்காரர் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ரேடியோ வாய் நிறைய மென்றுகொண்டிருந்ததால் பேசவில்லை. அடுப்பு மேடையில் ஒரு குண்டா நிறைய உடைந்த முட்டை. கல்லில் ஒன்று வெந்துகொண்டிருந்தது.

பாலிசி குண்டாவைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். அவனுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. பையைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தான்.

"எவ்வளவுல நிக்குது?"

"அறுபத்தி ஒண்ணு" என்றாள் ரேடியோ, விழுங்கிவிட்டு.

"அக்கா, என்னக்கா இது? ரெண்டே நாள் இருந்துச்சே. இனிமே முழு பாலிசி கெடைக்காது. நம்ம வண்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒரு பைசா வராது. தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?"

"தெரிஞ்சுதான்" என்றார் முட்டைக்காரர். கீழே பார்க்காமல் சொன்னார்.

அக்கா கல்லிலிருந்ததைத் திருப்பிப் போட்டாள். ஓரம் சிவந்து பொங்கியது.

"ஏதோ ஒண்ணு சொன்னியே, மலிவா. அடுத்தவங்களுக்கு மட்டும் குடுக்கும்னு. அத எழுது."

"அன்னிக்கு நல்ல கதையா இருக்கேன்னு சொன்ன."

"அன்னிக்கு எனக்கு அடுத்தவங்க யாருன்னு தெரியாது." அவள் ஒரு தட்டில் அதை எடுத்துப் போட்டுத் தம்பியின் முன்னால் நகர்த்தினாள். "ஆஸ்பத்திரி வளைவுல ஒரு அம்மாவ இடிச்சதையும் சேத்து எழுதிக்கோ. பேரு தெரியாது. நாளைக்கு வேலை விடுற நேரத்துல அந்த வாசல்ல நின்னு கேட்டுட்டு வரேன். கையும் எப்படி இருக்குன்னு பாக்கணும்."

"அதச் சொன்னா இந்தப் பாலிசிக்கும் தொகை ஏறும்க்கா."

"ஏறட்டும். மொதல்ல சாப்பிடு."

பாலிசி மாமாவைப் பார்த்தான். மாமா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். நறுக்கென்று சத்தம் கேட்டது. வாயிலிருந்து ஒரு ஓட்டுச் சில்லை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, தட்டின் ஓரத்தில் வைத்தார்.